பனை நாட்டுக்குப் போன கதை

ஏப்ரல் 12, வெள்ளி

கம்போடியாவின் சியெம் ரீப் வந்து சேர்ந்தாயிற்று. புது விமான நிலையத்திலிருந்து ஊருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். வேனில் ஏசி பட்டதும் நானும் கணவரும் மகளும் தூங்கிவிட்டோம். அத்தை (என் மாமியார்) மட்டும் ஜன்னலோரம் விழித்தே இருந்தார். "ஏம்மா, எந்திரிச்சுப் பாரு, எல்லாம் பனை" என்று என் தோளைத் தட்டினார். அறுத்துக் காய்ந்த வயல், நடுநடுவே ஒற்றைப் பனைகள். கம்போடியாவின் தேசிய மரமே பனைதான் என்று அவர் கைபேசியில் பார்த்துச் சொன்னார். அத்தை பனங்காட்டில் பிறந்தவர். அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பயணம் அவருக்காகத்தான் என்று பட்டது.

ஏப்ரல் 13, சனி

விடிவதற்கு முன்பே அங்கோர் வாட். பெரியவர்களுக்கு மூன்று நாள் சீட்டு தலைக்கு 62 டாலர். 12 வயதுக்குக் கீழே இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழுகிறது. குளத்தங்கரையில் அத்தனை கூட்டம், ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாம் சூர்யவர்மன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. கிழக்குப் பிரகாரத்தின் தென்பாதிச் சுவர் நெடுக பாற்கடல் கடையும் காட்சி. நடுவில் விஷ்ணு, இரண்டு பக்கமும் பாம்பைப் பிடித்து இழுக்கும் தேவரும் அசுரரும். மகள் அசுரர்களை எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டாள். அலுப்பு என்று நினைத்தேன், வெயில்தான் காரணம்.

பத்து மணிக்கே கல் தோசைக்கல்லாகச் சுட்டது. அப்போதே கவனித்திருக்க வேண்டும்: கடைக்காரர்கள், வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் மர நிழலில் தூளி கட்டிப் படுத்துவிட்டார்கள். நடந்துகொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான். பதினோரு மணிக்கு மகள் வாந்தி எடுத்தாள். இளநீர் விற்ற ஓர் அம்மா ஓடிவந்து, தன் கழுத்திலிருந்த கட்டம் போட்ட துண்டை (கிரமா என்கிறார்கள்) ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் பிடரியில் போட்டார். தூளியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். இளநீருக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "அர்குன்" (நன்றி) என்ற ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரிந்திருந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நமக்குச் சித்திரை ஒன்று, இவர்களுக்கும் புத்தாண்டு. விடுதி வாசலில் மேசை போட்டு பழம், பூ, ஊதுபத்தி, மெழுகுவத்தி. புது வருடத்துக்கான தேவதை இறங்கிவரும் என்று வைப்பதாம். "கனி காணதுக்கு வெச்சிருக்காங்க" என்று அத்தை கும்பிட்டார். இன்று மாலை வரை வெளியே போகவில்லை. அப்புறம் தெருவில் ஆளாளுக்குத் தண்ணீரை ஊற்றி முகத்தில் பவுடர் பூசினார்கள். மகளுக்கு முந்தைய நாள் மறந்தே போனது.

ஏப்ரல் 15, திங்கள்

காலையிலேயே பந்தேய் ஸ்ரீ. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். சின்னது, இளஞ்சிவப்புக் கல், மரத்தில் செதுக்கியது போல அவ்வளவு நுணுக்கம். எனக்கு அங்கோர் வாட்டைவிட இதுதான் பிடித்தது. கிழக்கு வாசலுக்கு மேலே சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அத்தைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இங்க வரைக்கும் வந்துட்டியா தாயி" என்றார், சத்தமே இல்லாமல்.

திரும்பும் வழியில் ப்ரீயா தாக் கிராமம். சாலையோரம் வரிசையாக அடுப்பு, அகலமான வாணலியில் பதநீர் கொதிக்கிறது. வாசனை வந்ததுமே அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். பாகைத் துழாவி, ஓலை வளையங்களுக்குள் ஊற்றி, வில்லை வில்லையாக எடுக்கிறார்கள். அத்தை துடுப்பைக் கேட்டு வாங்கித் துழாவினார். அந்தப் பெண்ணும் அவரும் இரண்டு மொழியில் பேசிக்கொண்டார்கள், எதுவும் தடைப்படவில்லை. நான் நீட்டிய டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்ததால் வாங்க மாட்டேன் என்றார். ரியலில் கொடுத்தேன், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000.

பக்கத்துப் பனையில் அடியிலிருந்து உச்சி வரை ஒற்றை மூங்கிலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கணுக்களில் கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருக்கிறார்கள், அதுதான் படி. பாளையின் கீழே கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய்.

அத்தை அந்த மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார். "எங்கப்பா மரத்தைக் கட்டிப்பிடிச்சுத்தான் ஏறுவாரு. நெஞ்செல்லாம் காய்ப்பு. என்னைத் தூக்கி வெச்சா கன்னத்துல உரசும்." கொஞ்சம் பொறுத்து, "இப்பிடி ஒண்ணு கட்டியிருந்தா அன்னைக்கு விழுந்திருக்க மாட்டாரு" என்றார்.

பதினாறு வருடமாக இந்த வீட்டு மருமகள். தாத்தா மரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். கணவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டி வரை நடந்தார்.

ஏப்ரல் 19, வெள்ளி

வீடு. துணி துவைத்து முடியவில்லை. வில்லைகளைப் பங்கிட்டுக் கொடுத்தாகிவிட்டது, அத்தை தனக்கென்று ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். காபியில் போட்டுக் குடித்துவிட்டு, "நம்ம கருப்பட்டிக்குக் காரம் கூட" என்றார்.

மகள் நோட்டில் அந்தப் பனையை வரைந்திருக்கிறாள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார்: படி இன்னும் நெருக்கமாக வேண்டும், கட்டு மூன்று இடத்தில் போதாது, ஐந்து இடத்தில் போடு.