ஒலி டிரைவரை மாற்றிப் பார்த்தபோது

என் மடிக்கணினியில் கச்சேரிப் பதிவுகளைக் கேட்கும்போது, தம்புராவின் சுருதி ஒரே அளவில் நிற்காமல், மிருதங்கத்தின் வலுவான அடி ஒவ்வொன்றுக்கும் சற்றே அமுங்கி, அடி ஓய்ந்ததும் மீண்டும் மேலெழும்பி வருவதை நெடுநாளாகக் கவனித்துவந்தேன். அதே கோப்பை அதே ஹெட்போனில் கைப்பேசி வழியாகக் கேட்டால் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆகவே பதிவும் ஹெட்போனும் சரியாகவே இருந்தன. இடையில் மடிக்கணினிதான் ஒலியைத் தன் விருப்பப்படி திருத்துகிறது என்று தெரிந்தது. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாலையில் வெளியே போக வழியில்லை. அந்த மாலைகளை இதற்கே ஒதுக்கினேன்.

முதலில் ஒலியைக் கையாளும் சில்லு எது என்று அறிய வேண்டியிருந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தின் பண்புகளைத் திறந்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால், தயாரிப்பாளரின் குறியீடும் அதையடுத்து மாதிரி எண்ணும் வரும். என்னுடையதில் 10இசி என்றிருந்தது; அது ரியல்டெக்கின் குறியீடு. இத்தகைய சில்லுகள் இன்டெல் 2004இல் வகுத்த ஹெச்டி ஆடியோ விதிமுறையின்படி அமைந்தவை. அதனால், விண்டோஸுடன் வரும் பொது டிரைவரே (டிரைவர் என்பது சில்லை இயக்கும் நிரல்) அவற்றைப் பெரும்பாலும் இயக்கிவிடும். என் முன் இருந்தவை இரண்டு வழிகள்: மடிக்கணினி நிறுவனம் தன் மாதிரிக்கென்று கொடுக்கும் தொகுப்பு, அல்லது இந்தப் பொது டிரைவர். கண்ட தளங்களில் 'உங்கள் டிரைவரைப் புதுப்பிக்கிறோம்' என்று அழைக்கும் மென்பொருள்களை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நிறுவனத்தின் தொகுப்பு பல நூறு எம்பி அளவுடையது. மழை நாளில் எங்கள் பகுதியின் இணையம் நின்று நின்று வருவதால், பழையதை நீக்கும் முன்பே முழுவதையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றையும் உருவாக்கினேன். இவ்விரண்டும் இல்லாமல் 'அன்இன்ஸ்டால்' பொத்தானில் கை வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

புதிய தொகுப்பை நிறுவியபின் கேட்டேன். தம்புரா முன்போலவே ஏறி இறங்கியது. டிரைவர் என்பது சில்லுடன் பேசும் நிரல் மட்டுமல்ல. ஒலி செவிக்கு வரும் வழியில் அதை மாற்றியமைக்கும் சிறு நிரல்களையும் நிறுவனங்கள் அதனுடன் சேர்த்து அனுப்புகின்றன. தாழ்ந்த ஒலியை உயர்த்துவது, உரத்ததை அடக்குவது, பேச்சைத் துலக்குவது, இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் அரங்க விரிவைக் காட்டுவது எல்லாம் அவற்றின் வேலை. உரத்த ஒலியை அடக்கித் தாழ்ந்ததை உயர்த்தும் நிரல்தான் மிருதங்க அடியின்போது மொத்த ஒலியையும் இறக்கி, பிறகு மெல்ல ஏற்றிவிடுகிறது. அந்த ஏற்றத்தில் தம்புராவும் கூடவே எழுகிறது. திரைப்பட வசனம் கேட்க இது உதவலாம். சுருதியும் லயமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இசைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஒலிச் சாதனப் பண்புகளில் மேம்பாடுகள் (இந்தச் சிறு நிரல்கள்) அனைத்தையும் முடக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தபோது பெரும்பகுதி சரியானது; ஆனால் நிறுவனத்தின் தனிச் செயலி தன் பங்குக்கு ஏதோ செய்துகொண்டே இருந்தது. எனவே 'அப்டேட் டிரைவர்' வழியாகச் சென்று, கணினியில் ஏற்கெனவே உள்ள பட்டியலைத் திறந்து, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்து, மேம்பாடுகளையும் முடக்கினேன். மறுதொடக்கத்துக்குப் பின் தம்புரா கோடு போட்டது போல நின்றது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கார்வை தேய்ந்து மறைவதைக் கடைசி வரை தொடர்ந்து கேட்க முடிந்தது.

அடுத்தது மாதிரி வீதம், அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்கப்படுகிறது என்பது. குறுந்தகட்டுப் பதிவு நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. என் கணினியில் இயல்பு அமைப்போ 48,000. விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, அமைப்பில் உள்ள ஒரே வீதத்துக்கு மாற்றியே வெளியே அனுப்புகிறது. 147க்கு 160 என்ற விகிதத்தில் நடக்கும் இந்த மாற்றம் இக்காலத்தில் நேர்த்தியாகவே செய்யப்படுகிறது என்றாலும், தேவையற்ற ஒரு படியை ஏன் வைத்திருக்க வேண்டும்? ஒலிச் சாதனப் பண்புகளின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 44,100 என்று மாற்றிப் பார்த்தேன்; பிறகு ஃபூபார்2000 என்ற பாடல் செயலியில், விண்டோஸின் ஒலி வழிகளுள் ஒன்றான வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்தேன். இம்முறையில் பாடல் செயலி ஒலிச் சாதனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதால் கலவையும் வீத மாற்றமும் இடையில் வருவதில்லை. அதற்கு விலையாக, பாட்டு ஓடும் வரை வேறு எந்தச் செயலியும் ஒலி எழுப்ப முடியாது. அமைப்பில் 192,000 வரை ஏற்றிவைப்போரும் உண்டு. பதிவில் இல்லாத விவரத்தை எண்ணைக் கூட்டி வரவழைக்க இயலாது.

எக்ஸ்க்ளூசிவ் முறையால் ஒலி மேம்பட்டதா என்பதை என் ஆசைக்கு விட்டுவிடாமல், பக்கத்து வீட்டுப் படுக நண்பரை உட்காரவைத்து, அவர் எதை ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். இரண்டின் ஒலி அளவையும் முன்னதாகவே சமன்செய்துவிட்டோம். சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி உயர்ந்ததென்று நம்பிவிடும். மேம்பாடுகள் இயங்கும் நிலையை ஒவ்வொரு முறையும் உடனே கண்டுபிடித்தேன். வீத மாற்றம் உள்ளதா இல்லையா என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவர் இடம் மாறி அமர்ந்து கேட்டபோதும் அதே கதைதான்; தம் ஊர் ஹெத்தையம்மன் பண்டிகையில் கைப்பேசியில் பதிவுசெய்த பாட்டைப் போட்டுப் பார்த்து, அதில் பெண்களின் குரல் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். அதுவும் மேம்பாடுகளை முடக்கியதன் பலனே.

இவற்றுக்கிடையே அவ்வப்போது கேட்ட 'டிக்' என்ற வெடிப்பொலி ஒலி டிரைவரின் வேலையாக இல்லை. லேட்டன்சிமான் என்ற கருவியை ஓடவிட்டால், எந்த டிரைவர் பிராசசரை நெடுநேரம் பிடித்துவைக்கிறது என்று அது காட்டும். என் கணினியில் பட்டியலின் தலையில் நின்றது வை-ஃபையின் டிரைவர். வை-ஃபையை அணைத்தால் வெடிப்பொலி இல்லை. அதன் புதிய பதிப்பை நிறுவியபின் தொல்லை அடங்கியது. 'சவுண்டு சரியில்லை' என்று ஒலி டிரைவரையே திரும்பத் திரும்ப மாற்றுவோர் இந்தப் பட்டியலை முதலில் பார்ப்பது நல்லது.

மெல்லிய 'உம்ம்' என்ற இரைச்சல் வேறு ரகம். மின்சாரத்தில் இயங்கும் ஸ்பீக்கரை மடிக்கணினியில் இணைத்தால் மட்டும் வரும்; சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் அந்தக் கணமே நின்றுவிடும். நான் குடியிருக்கும் பழைய வீட்டில் எர்த் இணைப்பு இல்லாத இரண்டு துளைப் பிளக்பாயின்ட்டுகளே மிகுதி. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழி தோண்டி மூன்று துளைப் பாயின்ட்டுக்கு மாற்றியபின் இரைச்சல் போயிற்று. எந்த டிரைவரும் இதைத் தீர்த்திருக்காது.

அசியோ டிரைவரையும் நிறுவிப் பார்த்தேன். அது கீபோர்டு வாசிக்கும் என் அக்கா மகனுக்காக. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த இம்முறையின் நோக்கம் தாமதத்தைக் குறைப்பது. 48,000 வீதத்தில் 256 மாதிரிகள் கொண்ட பஃபருக்கு (ஒலியைச் சேர்த்துவைக்கும் இடைநினைவகம்) தாமதம் 5.3 மில்லிநொடி, கட்டையை அழுத்தியதும் ஒலி பின்தொடரும் உறுத்தல் அவனுக்கு நீங்கிற்று. பாட்டு கேட்பவருக்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை.

பொது டிரைவரில் ஒரு குறை உண்டு. நிறுவனத் தொகுப்பில் மைக்குக்கு இருந்த இரைச்சல் அடக்கும் வசதி போய்விட்டதால், ஓட்டுக்கூரையில் மழை அடிக்கும்போது வீடியோ அழைப்பில் எதிர்முனையினர் 'சத்தமாக இருக்கிறது' என்கிறார்கள். இதற்கென்று விலை மலிவான யூஎஸ்பி மைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போது நிறுவனத் தொகுப்பு தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்து, தேவையானால் பொது டிரைவரை மறுபடியும் தேர்ந்தெடுத்துவருகிறேன்.