குளத்துக்குத் தண்ணி வந்தாச்சு, கணக்கு எப்போ வரும்?

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்து போர்வெல் ஆயிரம் அடி. மோட்டார் போட்டால் பாதி நேரம் காற்றுதான் வரும். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர், ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. (150 கோடி கன அடி), 1,045 குளம் குட்டைகளுக்கு. அறுபது வருடக் கோரிக்கை! எங்கள் குட்டைக் குழாயில் தண்ணீர் விழுந்த அன்று அப்பாரு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மொதல்ல மண்ணு குடிக்கட்டும் கண்ணு" என்றார்.

சரி, மண் எவ்வளவு குடித்தது என்று ஊருக்கு யார் சொல்வது? 2003-இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் ரத்தாகிவிட்டது. ஊருக்கு நாலு கிணற்றிலாவது மாதாமாதம் நீர்மட்டம் அளந்து கிராம சபையில் வாசிக்க வேண்டும். அதைக் கேட்டால்தானே வாழையா சோளமா என்று முடிவு செய்ய முடியும்? அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். நீங்களும் வாங்க.