தமிழ்99 விரல்களோடு விம் படித்தது

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையின் இணையதளம் ஒரு வாடகை சர்வரில் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. மவுஸ் இல்லை, மெனு இல்லை. கறுப்புத் திரையில், விசைகளாலேயே ஃபைலைத் திருத்தும் விம் எடிட்டர். டைப் செய்யப் போனால் கர்சர் எங்கெங்கோ தாவுகிறது, ஒரு வரி காணாமலே போய்விட்டது. வெளியே வரத் தெரியாமல் கம்ப்யூட்டர் விண்டோவையே மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால், ஸ்வாப் ஃபைல் (விம் தானாக வைக்கும் தற்காலிக ஃபைல்) இருப்பதாகத் திரை நிறைய எச்சரிக்கை.

புதுச்சேரியில் படிக்கும் அக்கா பையனுக்குப் போன் போட்டேன்.

"நீங்க பாதியில விட்டுட்டுப் போனதுதான் மாமா அது. இப்போ க்யூ அமுக்கி வெளியே வாங்க. முதல்ல விம்டியூட்டர்னு அடிச்சுப் பாடத்தைப் படிங்க."

அரைமணி நேரப் பாடம் என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. எனக்கு மூன்று ராத்திரி ஆனது. பாடத்தின் நகலைத்தான் திறந்து தருகிறது, அதனால் எவ்வளவு கெடுத்தாலும் பயமில்லை.

விம் திறந்ததும் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. ஆங்கில ஐ அமுக்கினால் எழுதும் நிலை வரும், எஸ்கேப் அடித்தால் பழைய நிலை. டி இரண்டு முறை என்றால் வரி போய்விடும், யூ அடித்தால் திரும்பி வரும். காணாமல் போன வரியின் கதை அப்போதுதான் புரிந்தது. இரண்டாம் நாள் ஐ அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. பார்த்தால், கடை வேலைக்குப் போட்ட தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை அப்படியே இருக்கிறது! நான் ஐ அடிக்க, விம்முக்குப் போனது 'ன'.

நகர்வதற்கு ஹெச், ஜே, கே, எல். ஏன் இந்த நான்கு? 1976-ல் பில் ஜாய், விம்முக்கு மூத்ததான வி எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற திரையும் விசைப்பலகையும் சேர்ந்த டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த எழுத்துகள் மேலேயே அச்சாகியிருந்தன. எஸ்கேப்பும் அதில் இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் பக்கத்திலேயே. எனக்கோ அந்த நான்கும் க, ப, ம, த. அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

நான்காம் நாள் ஸ்வாப் ஃபைலை அழித்துவிட்டு, வரியைத் திருத்தி, எஸ்கேப், பிறகு சேமித்து வெளியேற கோலன், டபிள்யூ, க்யூ, என்டர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை. இரண்டு வரி இறங்குவதாக நினைத்து ஜே இரண்டு முறை தட்ட, மாப்பிள்ளை பெயர் நடுவில் 'ப்ப' விழுந்துவிட்டது.