வடக்குப் பாத்தியும் பத்தடி நிழலும்

நித்தியகல்யாணியைக்கூடச் சாகடிக்க முடியும் என்று நிரூபித்துவிட்டேன். ஒன்றிரண்டு அல்ல, ஆறு செடி. மதில் வெடிப்பில் முளைத்து, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமலேயே வருசம் முழுக்கப் பூக்கிற ஜாதி அது. கார்த்திகை மழை விட்டதும் போய்ப் பார்த்தால் அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. லேசாக இழுத்தேன். வேர் மண்ணிலேயே தங்கிவிட, மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. அதே நாளில், அதே பாத்தியில், ஏழடி தள்ளி நட்ட ஒன்பது செடியும் இன்றுவரை பூத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஏழடிக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசம் ஆகியிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியதே, அன்றுதான் எங்கள் லாஸ்பேட்டை வீட்டு வாதாம் மரம் போனது. காற்றில் ஒடியவில்லை. ஊறிப்போன செம்மண் பிடியை விட்டதும் வேரோடு சாய்ந்து மதில்மேல் படுத்துக்கொண்டது. அதன் நிழலில் பதினோரு வருசமாக அம்மாவின் பெரணி, கலாடியம், சின்கோனியம் எல்லாம் சொகுசாக வளர்ந்தன. மரம் அறுக்கிற ஆட்கள் வந்து துண்டு போட்டு ஏற்றிப்போன சாயங்காலம் பாத்திப் பக்கம் போனேன். மேற்கு வானம் அப்படியே வெட்டவெளியாகத் தெரிந்தது.

பாத்தி வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. சுவரை ஒட்டி மூன்றடி நடைபாதை, அதைத் தாண்டி ஒன்பதடி அகலத்துக்குப் பாத்தி. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மதியம் பார்த்தபோது வீட்டு நிழல் சுவரிலிருந்து ஏழரை அடி வரை விழுந்திருந்தது. சரி, மரம் போனால் என்ன, வீடே நிழல் தருகிறதே என்று நினைத்தேன். நிழல் விழுந்த பாதியில் பெரணி வகையறாக்களை இடம் மாற்றி நெருக்கி வைத்து, கூட எட்டுக் கனகாம்பரமும் நட்டேன். மீதிப் பாதியை வெயில் செடிக்கென்று ஒதுக்கினேன். பொங்கல் வைத்து, சூரியன் வடக்கே திரும்பிவிட்டான் என்று கும்பிட்ட கை காய்வதற்குள், வடக்குப் பாத்தியில் நிழல் செடி நட்ட புத்திசாலி நான்.

சித்திரை பிறந்ததும் கலாடியம் சுருண்டது. மே 4-ஆம் தேதி கத்திரி தொடங்கிய வாரத்தில் பெரணி, நொறுக்கினால் பொடியாகிற அளவுக்குக் காய்ந்தது. கனகாம்பரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். வேர் விட்டு நிலைக்கும் முன்பே வெயில் ஏறியதால் எட்டில் ஐந்து போனது. காலை ஏழு மணிக்கே வெயில் விழுகிறது, மாலை ஐந்தரைக்கும் விழுகிறது. வீட்டு நிழலைக் காணோம். அம்மா அதே வாரம் மொட்டைமாடி ஏற முடியாமல் வடக்கு நடைபாதையிலேயே பாயை விரித்து வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தார். “இங்கே வெயில் வரும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டேன். “சித்திரையில வெயில் வடக்காலதான் ஏறும். நான் என்ன இன்னிக்கா வத்தல் போடறேன்?” என்றார். பாத்தி வெட்டும் முன் அவரைக் கேட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். புதுச்சேரி கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அது. மறுபடி ஆகஸ்ட் 21 வாக்கில் வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்து அடிக்கிறது. மரம் இருந்தவரை இதெல்லாம் உறைக்கவே இல்லை. மர நிழல் வருசம் முழுக்க அங்கேயே நிற்கும். வீட்டு நிழல் விருந்தாளி மாதிரி வந்து போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு இரண்டாவது தப்பு. ஆடியில் பாத்தி முழுக்க வெயில் அடிக்கிறதே என்று சுவர் ஓரத்திலிருந்து மதில் ஓரம் வரை வெயில் செடியாகவே நட்டுத் தள்ளினேன். முதலில் தை வெயிலை நம்பினேன், அப்புறம் ஆடி வெயிலை நம்பினேன். இரண்டு முறையும் அன்றைக்குக் கண்ணில் பட்டதுதான் கணக்கு.

நட்டு முடித்த பிறகுதான் புத்தி வந்து அளக்க ஆரம்பித்தேன். இதில் கொஞ்சம் பைத்தியமாகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளில் கலர் உல்லன் நூல் கட்டி, மாதம் ஒருமுறை நிழல் ஓரத்தில் குத்தி வைப்பது என் வேலை. கைப்பிடிச்சுவரின் உச்சி தரையிலிருந்து 14 அடி. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்காது, இரண்டு அங்குலத்துக்கு மங்கலாகக் கரையும். மண்ணில் பார்த்தால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வெள்ளை சார்ட் அட்டையைத் தரையில் போட்டு, மங்கலின் நடுவில் குத்த வேண்டும். நண்பகல் என்பது பன்னிரண்டு மணி இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் சராசரியாகப் பன்னிரண்டு பத்துக்கு மேல். பிப்ரவரியில் 12.25 ஆகிவிடும், நவம்பர் தொடக்கத்திலோ பன்னிரண்டு அடிப்பதற்குள்ளேயே உச்சி தாண்டிவிடும்.

செப்டம்பர் 22 அன்று நடந்ததை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலை ஒன்பதுக்கு ஒரு கம்பி, நண்பகலுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. மூன்றும் ஒரே கோட்டில் நின்றன! நிழல் நாள் முழுக்க நகரவே இல்லை, சுவரிலிருந்து மூன்றடியில் அப்படியே கிடந்தது. சம இரவு பகல் நாளில் நேர் கிழக்கு மேற்காக ஓடுகிற சுவருக்கு அப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் திசை பார்த்துத்தான் நூல் பிடித்திருக்கிறார் என்று அன்றைக்கு நிச்சயமானது. அக்டோபர் 22-இல் ஆறடி. நவம்பர் 21-இல் எட்டே முக்கால். டிசம்பர் 21-இல் பத்தடி, அதுதான் உச்சம். சுலபக் கணக்கு வேண்டுமானால், மார்கழி நிழல் சுவர் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு, புரட்டாசியில் ஐந்தில் ஒரு பங்கு. சென்னைக்காரர்கள் என் அளவோடு கால், அரையடி கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது நித்தியகல்யாணி செத்த காரணம் புரியும். செத்த வரிசை சுவரிலிருந்து நாலடியில் இருந்தது. அந்த இடத்துக்கு அக்டோபர் முதல் வாரத்தில் வெயில் போனால் மார்ச் பத்தாம் தேதிக்கு மேல்தான் திரும்பும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில் நிழல், காயாத மண், அழுகல். பதினோராவது அடியில் இருந்த வரிசைக்கு வருசத்தில் ஒருநாள்கூட நண்பகல் வெயில் தப்பாது. (சுடுகாட்டுப் பூவை வீட்டுக்குள் வைக்காதே என்று அம்மா முதலிலேயே சொன்னார். ஆறு செடி செத்ததற்கு அவரிடம் வேறு காரணம் இருக்கிறது.)

செடி வாங்கிய கதையையும் கொட்டிவிடுகிறேன். ஆரோவில் போகிற வழியில் ஒரு நர்சரியில் இட்லிப்பூவும் பிளம்பாகோவும் எடுத்தேன். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகிற சரக்கு, வேரைச் சுற்றிக் கிரிக்கெட் பந்து மாதிரி களிமண் உருண்டை. அப்படியே நம் செம்மண்ணில் நட்டால், ஊற்றுகிற தண்ணீர் சுற்றிலும் இறங்கிவிடும், உருண்டைக்குள் ஏறாது. நட்டு மூன்று வாரம் கழித்து வாடிய இட்லிப்பூவைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளியே ஈரம், உருண்டைக்குள் புழுதி. இப்போதெல்லாம் பக்கெட் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, விரலால் பாதிக் களியைக் கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன். இன்னொன்று, நிழல்வலைக்கு அடியில் வளர்ந்ததை “ஃபுல் சன் சார், தைரியமா வைங்க” என்று கொடுக்கிறார்கள். செடி வெயில் ஜாதிதான். ஆனால் அந்த இலை வெயிலையே பார்த்ததில்லை. பத்து நாள் காலை வெயிலில் பழக்காமல் நட்டால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும்.

மல்லிகையில்தான் குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது. தெரிந்தவர் ஒருவர் ராமநாதபுரம் போனபோது தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து குண்டுமல்லி நாற்றுக் கட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். களிமண் உருண்டை கிடையாது, வெறும் வேர், ஈரச் சாக்கில் சுற்றியது. ஆடியில் வேறு இடமில்லாமல் எட்டாவது அடியில் நாலு நட்டேன். எட்டாவது அடிக்கு நிழல் வருவது நவம்பர் இரண்டாம் வாரம், போவது ஜனவரி கடைசி. குண்டுமல்லியைக் கவாத்து செய்து ஓய்வில் விடுகிற காலம் அதேதான்! பூக்கிற பங்குனி, சித்திரை, வைகாசியில் முழு வெயில். திட்டம் போட்டுச் செய்தது போலப் பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். மார்கழியில் லேசாக நுனி மட்டும் வெட்டினேன். ஒரே ஒரு முன்னேற்பாடு, அந்த வரிசைக்கு மட்டும் அரையடி மண் ஏற்றியிருக்கிறேன், மழைத்தண்ணீர் வேரில் நிற்காது.

சுவர் ஓரத்துக்கு இனி வெயில் செடி, நிழல் செடி என்று பார்க்கப் போவதில்லை. ஆறு மாதம் அடுப்பு, ஆறு மாதம் ஈரக்கிடங்கு, இரண்டையும் தாங்குவது வேண்டும். மருள் வைத்தாயிற்று, எங்கே வைத்தாலும் கிடக்கும். நந்தியாவட்டை இரண்டு. ஊதா டிசம்பர் பூவுக்கு அத்தை வீட்டிலிருந்து பன்னிரண்டு குச்சி வெட்டிவந்து ஊன்றியதில் ஏழு துளிர்த்திருக்கிறது. இட்லிப்பூவில் சுவர்ப் பக்கம் இருந்த இரண்டு, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தோண்டினால் வீடு கட்டியபோது புதைத்த சுண்ணாம்புக் காரை, செங்கல் துண்டு. அதுகளை மதில் ஓரத்துக்கு மாற்ற வேண்டும்.

மதில் ஓரம் என்றதும் இன்னொரு பஞ்சாயத்து. போன மரத்துக்குப் பதில் என்ன வைப்பது? நான் புங்கன் என்கிறேன், தம்பி புன்னை என்கிறான், அம்மா முருங்கை. அடுத்த புயலுக்கு முதலில் விழுவது முருங்கைதான் என்றேன். “விழற வரைக்கும் கீரை வருமில்ல” என்றார். எந்த மரம் வைத்தாலும் இவ்வளவு நாள் குத்திய கம்பிகள் அத்தனையும் வீண். அதனால் இந்த வருசக் கணக்கு முடிகிறவரை யாரும் குழி தோண்டக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று நிழல் எட்டரை அடியில் நின்றது. மல்லிகை வரிசைக்கு இன்னும் அரையடி பாக்கி. ஒரு செடியில் மட்டும் கணுவில் அரிசி அளவுக்குப் பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கிறது. அதைக் கோழி கொத்திவிடாமல் அம்மா முறத்தைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறார். வெயில் வருகிற அன்று எடுக்கச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும்.