சிஐபிபி-யுஎஸ்: மாநிலச் சட்டங்களை மசோதாவாகவே படித்துத் தேறிய கதை

ஐஏபிபி என்ற தனியுரிமை வல்லுநர் சங்கம் அமெரிக்கத் தனியுரிமைச் சட்டங்களில் நடத்தும் சான்றிதழ் தேர்வான சிஐபிபி-யுஎஸ்ஸைப் போன வாரம் எழுதித் தேறிவிட்டேன். தேறினால் மட்டும்தான் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்று வேலையிடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதனால் திரையில் 'பாஸ்' என்று வந்ததும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது, கட்டின ரசீதை எங்கே வைத்தேன் என்பதுதான். அது கிடக்கட்டும்.

90 கேள்வி, இரண்டரை மணி நேரம், 500க்கு 300 எடுத்தால் தேர்ச்சி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மருத்துவம், சிறுவர், கல்வித் தகவல்களுக்கான ஹிப்பா, காப்பா, ஃபெர்பா போன்ற மத்தியச் சட்டங்களைப் பற்றி எழுதவும் ஆள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஐந்தாம் பகுதியான மாநிலச் சட்டங்களைப் பற்றி மட்டும். என்ன கேள்வி வந்தது என்று யாரும் கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் முதல் கேள்வியையே காட்டுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 5ஆம் தேதி நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பு, நவம்பர் 2ஆம் தேதி நிறைவேறிவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2021 பிப்ரவரி 1 முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. ஓர் அவைதான், அரசாங்கம் கொண்டுவரும் மசோதா நிறைவேறும். ஆகவே முதல் வாசிப்பு நடந்த அன்றே நம்மில் பலர் கொள்கை ஆவணங்களைத் திருத்த உட்கார்ந்துவிடுவோம். இங்கே அது சரிதான்.

அமெரிக்க மாநிலங்களில் அந்தக் கணக்கு எடுபடாது. கலிஃபோர்னியாவில் மட்டுமே ஓர் ஆண்டில் 2,000க்கு மேற்பட்ட மசோதாக்கள் தாக்கலாகும். இரண்டு அவை, இரண்டிலும் குழுக்கள், செலவுக் குழு, அப்புறம் ஆளுநர். நிறைய மசோதாக்கள் சத்தமே இல்லாமல் எங்காவது ஒரு குழுவில் படுத்துவிடும். 'அந்த மாநிலத்தில் தனியுரிமை மசோதா வந்திருக்கிறது' என்ற செய்தியால் நமக்குத் தெரிவது யாரோ ஓர் உறுப்பினர் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான்.

எனக்கு முன்னாலேயே இந்தத் தேர்வில் தேறிய அக்கா ஒருவர் வேலையிடத்தில் இருக்கிறார். நான் மசோதா வரலாறுகளைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, செத்துப்போன மசோதாவை எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்க? சட்டமானதைப் படி, போதும்" என்றார். அக்கா ஃபிளாஷ் கார்டு ஆள். பயணத்தில், சாப்பாட்டுக் கடை வரிசையில், எங்கேயும் அட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது. எதற்காக ஒரு விதி வந்தது என்று தெரிந்தால்தான் அது தலையில் நிற்கும். நீங்கள் அக்கா மாதிரி ஆள் என்றால் இதற்குக் கீழே உள்ளதில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

செத்த மசோதாவிலேயே முக்கியமானது வாஷிங்டன் மாநிலத்தின் தனியுரிமை மசோதா. 2019இல் மேலவையில் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறிக் கீழவையில் நின்றுபோனது. 2020இல் இரண்டு அவைகளும் ஆளுக்கொரு வடிவத்தை நிறைவேற்றின, ஆனால் சட்டத்தை மீறும் நிறுவனத்தின் மேல் யார் வழக்குப் போடலாம் என்பதில் முட்டிக்கொண்டன. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் மட்டும்தான் போடலாம் என்றது மேலவை, பாதிக்கப்பட்டவரும் போடலாம் என்றது கீழவை. மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடியும் போனது. கடைசிவரை சட்டமாகவில்லை.

ஆனால் அதே எலும்புக்கூடு வர்ஜீனியாவுக்குப் போய்ச் சட்டமாகிவிட்டது. தகவலைக் கட்டுப்படுத்துபவர் ஒருவர், அவருக்காகக் கையாளுபவர் இன்னொருவர் என்ற பிரிவு, குறிவைத்த விளம்பரத்துக்கும் தகவல் விற்பனைக்கும் மறுப்புச் சொல்லும் உரிமை, அபாய மதிப்பீடு, அட்டர்னி ஜெனரல் மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம் என்ற ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. 2021 மார்ச் 2ஆம் தேதி ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு கொலராடோ, கனெக்டிகட், யூட்டா, டெக்சஸ் என்று வந்த சட்டங்களில் பெரும்பாலானவை இதே வீட்டுப் பிள்ளைகள்தான். கலிஃபோர்னியா மட்டும் தனி வம்சம். இதைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு மாநிலத்தையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. வர்ஜீனியாவை ஒழுங்காகப் படித்துவிட்டு, மற்றவை எங்கே விலகுகின்றன என்று மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொன்று. 2020இல் வாஷிங்டனில் எதை வைத்துச் சண்டை வந்ததோ அதுவே 2023இல் உடல்நலத் தகவல் சட்டம் வழியாக உள்ளே வந்துவிட்டது. 'மை ஹெல்த் மை டேட்டா' சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவர் மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடித்து நேரடியாக வழக்குப் போடலாம். பழைய சண்டை தெரிந்தவருக்கு இது மறக்காது. அக்காவிடம் சொன்னேன். "சரிடா, ஆனா நேரம் இருக்கவனுக்குத்தான் இது" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மசோதாவின் வாசகத்தை முதலில் படிக்காதீர்கள், குழு ஆய்வுக் குறிப்பைப் படியுங்கள்.

கலிஃபோர்னியா சட்டமன்றத் தளத்தில் ஒரு மசோதாவைத் திறந்தால் மேலே வரிசையாகத் தாவல்கள் இருக்கும். வாசகம், வாக்கு, வரலாறு, ஆய்வு என்று போகும். ஆய்வு என்பதற்குள் ஒவ்வொரு குழுவின் ஊழியர்களும் உறுப்பினர்களுக்காக எழுதிய குறிப்பு கிடைக்கும். அதில் 'நடப்பில் உள்ள சட்டம்' என்று ஒரு பகுதி வரும். அந்த விஷயத்தில் இன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிரிவு எண்ணோடு, சட்டம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி, ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அதை அடுத்து, இந்த மசோதா எதை மாற்றும் என்று இருக்கும். அதற்குப் பிறகு ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்ற வாதங்கள். கடைசியில் ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் பட்டியல்.

பாடப்புத்தகத்தில் எனக்கு ஏறாத கலிஃபோர்னியா சட்டம் இந்த 'நடப்பில் உள்ள சட்டம்' பகுதிகளைப் படித்துத்தான் ஏறியது. விலையும் இல்லை. காசு கட்டிச் சேர்ந்த பயிற்சி வகுப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் திறக்க வேண்டியது 2017-2018 கூட்டத்தொடரின் ஏபி 375 என்ற மசோதா. சிசிபிஏ என்ற கலிஃபோர்னியா நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் அங்கேதான் பிறந்தது. வரலாற்றுத் தாவலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். 2017இல் அது இணையச் சேவை நிறுவனங்களைப் பற்றிய மசோதா. நிறைவேறாமல் கிடப்பில் போனது. கலிஃபோர்னியாவில் கூட்டத்தொடர் ஈராண்டு என்பதால் சாகாமல் கிடந்தது. 2018 ஜூனில் உள்ளே இருந்ததை வழித்தெடுத்துவிட்டு, அதே எண்ணுக்குள் முழுத் தனியுரிமைச் சட்டத்தையும் வைத்தார்கள். பதிப்புகளை ஒப்பிடும் தாவலுக்குப் போனால் பழையது சிவப்பில் அடிக்கப்பட்டும் புதியது நீலச் சாய்வெழுத்திலும் தெரியும். ஏறக்குறைய ஒரே வாரத்தில் இரு அவைகளையும் தாண்டி, ஜூன் 28 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என்ன அவசரம்? அலஸ்டேர் மக்டாகர்ட் என்ற சொத்துத் தொழிலதிபர் இதைவிடக் கடுமையான ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகக் கையெழுத்து திரட்டி வைத்திருந்தார். அதைத் திரும்பப் பெற அன்றுதான் கடைசி நாள். மக்கள் வாக்களித்து வந்த சட்டத்தைச் சட்டமன்றம் பிறகு எளிதில் தொட முடியாது. அதனால்தான் இந்த ஓட்டம். ஓட்டத்தில் எழுதிய சட்டம் என்பதால்தான் அதன் வால் பிடித்து அத்தனை திருத்தங்கள் வந்தன. 2020 நவம்பரில் 24ஆம் முன்மொழிவோடு அதே மனிதர் மறுபடி வந்து வாக்கெடுப்பில் வென்றதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். சிசிபிஏவைத் திருத்திய சிபிஆர்ஏ என்று தனி அத்தியாயமாகப் படிக்கிறோமே, அது.

நிறைவேறாத மசோதாவும் சட்டத்தை மாற்றும் என்பதற்கும் கலிஃபோர்னியாவே உதாரணம். ஊழியர் தகவலுக்குச் சிசிபிஏவில் பெரும்பகுதி விலக்கு இருந்தது, காலவரையறையோடு. அதை நீட்டிக்க மசோதாக்கள் வந்தன. 2022 ஆகஸ்ட் 31 நள்ளிரவோடு கூட்டத்தொடர் முடிந்தது, அவை நிறைவேறவில்லை. 2023 ஜனவரி 1 முதல் விலக்கு காலாவதி. அந்த நள்ளிரவு நமக்குச் செப்டம்பர் 1 பிற்பகல் மூன்று மணி. அமெரிக்க நிறுவனத்துக்கு இங்கிருந்து மனிதவள வேலை பார்க்கும் எத்தனையோ பேருக்கு அன்று தேநீர் வேளையில் வேலை கூடிப்போனது.

செலவுக் குழுவின் 'சஸ்பென்ஸ் ஃபைல்' நாளையும் ஒரு முறையாவது நேரலையில் பாருங்கள். மாநிலத்துக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை ஒதுக்கிவைத்து, மே மாதத்திலும் ஆகஸ்டிலும் மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வார்கள். நமக்கு அது பின்னிரவு. குழுத் தலைவர் மசோதா எண்ணை வாசிப்பார், உடனே முடிவு, அடுத்த எண். வாதம் கிடையாது, காரணமும் சொல்லமாட்டார்கள். நான் பின்தொடர்ந்த ஒன்று ஒரு மூச்சில் போய்விட்டது. குடித்துக்கொண்டிருந்த மைலோ ஆறுவதற்குள் தலைவர் பட்டியலில் எங்கோ போய்விட்டார். அதற்குப் பிறகு 'குழு நிலையில் உள்ளது' என்று எங்கே படித்தாலும் நான் நம்புவதில்லை.

நான் எப்படிச் செய்தேன் என்றால்:

- ஐந்தாறு மசோதாக்களை மட்டும் பின்தொடர்ந்தேன். கலிஃபோர்னியா தளத்தில் கணக்கு தொடங்கினால் மின்னஞ்சல் வரும்.
- ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தாக்கல், இரண்டு அவையும் நிறைவேற்றிய நாள், கையெழுத்து, நடப்புக்கு வரும் நாள். கடைசி இரண்டையும் குழப்பவே கூடாது.
- கூட்டத்தொடர் நாட்காட்டி. டெக்சஸ் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், 140 நாள் கூடும். விட்டால் வழக்கமாக ஈராண்டு காத்திருக்க வேண்டும். நெப்ராஸ்காவுக்கு நம்மைப் போல ஒரே அவை.
- ஐஏபிபி வெளியிடும் மாநில மசோதா வரைபடத்தை வாரம் ஒரு முறை. தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.
- வீட்டோவையும், அதாவது ஆளுநர் நிராகரித்ததையும், படியுங்கள். வெர்மாண்ட்டின் எச்.121 என்ற தனியுரிமை மசோதாவை 2024 ஜூனில் ஆளுநர் ஃபில் ஸ்காட் நிராகரித்தார். கீழவை அதை மீறி வாக்களித்தது, மேலவையில் எண்ணிக்கை போதவில்லை. அங்கேயும் நேரடி வழக்குரிமைதான் பிரச்சினை.

தேதிகளை நான் மனப்பாடம் செய்த ஒரே இடம் இது, சட்டங்கள் நடப்புக்கு வந்த நாட்கள்: வர்ஜீனியா 2023 ஜனவரி 1. கொலராடோ, கனெக்டிகட் 2023 ஜூலை 1. யூட்டா 2023 டிசம்பர் 31. டெக்சஸ், ஆரிகன் 2024 ஜூலை 1. மொன்டானா 2024 அக்டோபர் 1. யூட்டாவின் தேதி ஒரு நாள் வித்தியாசத்தில் ஏமாற்றும்.

விரல்ரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்களைப் பற்றிய இலினாயின் உயிரளவைச் சட்டத்தை 2008 என்று மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள். ஒவ்வொரு முறை விரல்ரேகை வைப்பதும் தனித்தனி மீறல் என்று 2023இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒயிட் காசில் என்ற உணவக நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. அந்தக் கணக்கில் இழப்பீடு எங்கேயோ போய்விடும். 2024 ஆகஸ்டில் திருத்தம் வந்து, ஆளுக்கு ஒரு மீறல் என்று ஆனது. தீர்ப்பு, மசோதா, திருத்தம் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரே முறை படித்தால் போதும்.

வாஷிங்டன் டிசியில் உள்ள காங்கிரசைப் பின்தொடர நான் நேரம் செலவழிக்கவில்லை. 2022இல் ஏடிபிபிஏ என்ற நாடு தழுவிய தனியுரிமை மசோதா குழுவில் 53க்கு 2 என்று தேறியும் அவைக்கே போகவில்லை, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டிலிருந்து எழுதலாம். ஆனால் எங்கள் புளோக்கில் மேல்மாடியில் தளம் மாற்றிக்கொண்டிருந்தார்கள், டிரில்லிங் சத்தத்தில் யாரால் முடியும்? தேர்வு மையத்துக்கே போனேன். குளிரும், சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துப்போங்கள். கைப்பேசியில் சிங்பாஸ் செயலியில் இருக்கிறது என்று நம்பாமல் அடையாள அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நீளமான சம்பவக் கேள்விகளில் முதலில் எந்த மாநிலம், எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு மற்றதைப் படித்தேன்.

பயிற்சி வினாத்தாள் யாராவது கைமாற்றிக் கொடுத்தால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். தவறைத் திருத்திக்கொள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம் 60 நாள் தர வேண்டும் என்ற ஏற்பாடு கனெக்டிகட்டில் 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது, கொலராடோவிலும் அதே சமயத்தில் முடிந்துவிட்டது. அது இன்னும் இருப்பதாக விடைத்தாள் சொன்னால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.