பளபளன்னு இருக்குற நேவி வாளை நம்பாதீங்க

பழைய பிரிட்டிஷ் நேவி ஆபீசர் வாள் மேல எனக்கு ரொம்ப நாளா பைத்தியம். 1827-ல வந்த டிசைன், பிடி முனையில சிங்கத் தலை, வெள்ளை திருக்கை மீன் தோல் சுத்தின பிடி, கையை மறைக்கிற பித்தளை கார்டுல கிரீடமும் கயிறு சுத்தின நங்கூரமும், கொஞ்சம் மாத்தத்தோட இன்னைக்கும் ராயல் நேவி ஆபீசருங்க பரேடுல இதத்தான் வச்சிருக்காங்க.

போன மாசம் இங்கிலாந்து போர்ட்ஸ்மத்ல ஒரு கடையில ஒண்ணு பாத்தேன். கடைக்காரர் "சூப்பர் கண்டிஷன்"னு சொல்லி உருவிக் காட்டினார், கண்ணாடி மாதிரி மின்னிச்சு, ஆனா லைட்ல சாய்ச்சு பாத்தா அலகுல அமிலத்தால பொறிச்சிருந்த நங்கூரப் படம் (எச்சிங்) வெறும் நிழலா தெரியுது, யாரோ வருஷக்கணக்கா தேய்ச்சு தேய்ச்சு அழிச்சிருக்காங்க. வயிறு எரிஞ்சுது. கார்டும் அதே கதை, மேல முலாம் சுத்தமா போயி வெறும் பித்தளை, உள்பக்கம் விரல் போகாத மூலையில மட்டும் தங்கம் அப்படியே ஒட்டிட்டு இருக்கு. முலாம் பூசின பித்தளைய பாலிஷ் போட்டு தேய்ச்சா முதல்ல போறது அந்த தங்கம் தான், இது ஏன் யாருக்கும் புரியல?

கார்டோட உள்பக்க மடிப்பு தகடு மட்டும் நல்லா வேலை செஞ்சுது. அத மடக்கினா அதுல இருக்குற ஓட்டை உறையில இருக்குற குமிழ்ல போய் மாட்டிக்கும், வாள் தானா வெளிய வராது. எவ்ளோ அழகான யோசனை!

கிரீடத்தையும் பாருங்க, வளைவு நடுவுல அமுங்கியிருந்தா விக்டோரியா காலமா இருக்கலாம், 1953-க்கு அப்புறம் எலிசபெத் ராணி காலத்துலயும் அப்படித்தான் வந்துச்சு, மேல உருண்டையா எழும்பியிருந்தா 1901-க்கு அப்புறம் வந்த ராஜாக்கள் காலம். அலகு குழாய் மாதிரி முதுகோட இருந்தா பெரும்பாலும் பழசு, 1846-ல அத மாத்திட்டாங்க.

வீட்ல இப்படி ஒண்ணு இருந்தா தயவுசெஞ்சு தோல் உறைக்குள்ளயே போட்டு வைக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், அலகு உள்ளயே துருப்பிடிக்கும். வெறும் கையால அலகை தொடாதீங்க, வேர்வை உப்பு போதும், விரல் ரேகை அப்படியே துருவா பதிஞ்சிடும். மெல்லிசா மெழுகு பூசி உறையையும் வாளையும் தனித்தனியா படுக்க வைங்க. உறைத் தோல் நடுவுல ஒடிஞ்சிருந்தா சூப்பர் குளூ போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க, தோல் வேலை தெரிஞ்ச கன்சர்வேட்டர் (பழைய பொருளைப் பாதுகாத்து சரிபண்ற நிபுணர்) கிட்ட குடுக்குற வரைக்கும் அது ஒடிஞ்சபடியே கெடக்கட்டும்.