கடலைமிட்டாய் வாங்கிக்கொண்ட சிஸ்டர்

மே 12 செவிலியர் தினம் வருகிறதல்லவா, அதற்காக அம்மா செக்கப்புக்குப் போகும் ஆஸ்பத்திரியில் போன வாரம் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். உங்களுக்கு நன்றாகக் கவனிப்புத் தந்த நர்ஸ் யார், பெயர், வார்டு, அப்புறம் ஐந்து சிரிப்பு முகங்கள், அதில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். கீழே எழுத இரண்டு கோடு. இரண்டு கோட்டில் நான் என்னத்தை எழுத? அதனால் இங்கே முழுசாக எழுதி, பிரிண்ட் எடுத்து, அந்தத் தாளோடு பின் அடித்துக் கொடுக்கப் போகிறேன். சிஸ்டர் பெயர் தாளில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இடது பக்கம் ஆபரேஷன் முடிந்து, கீமோ. முதலில் 21 நாளுக்கு ஒரு தடவை என்று நான்கு, அப்புறம் வாரம் ஒன்று வீதம் பன்னிரண்டு. நாங்கள் கோவில்பட்டி. முதல் நான்குக்கும் ராத்திரி முத்துநகரில் ஏறி எழும்பூரில் இறங்கி நேரே ஆஸ்பத்திரி, வாராவாரம் ஆனபிறகு தாம்பரத்தில் பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டோம். கேன்சர் நோயாளி சிகிச்சைக்குப் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ரயில்வே முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிடும், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும். இது எனக்கு யார் சொல்லித் தெரிந்தது என்கிறீர்கள்? முதல் தடவை நான் முழுக் காசும் கொடுத்து டிக்கெட் போட்டதைப் பார்த்துவிட்டு, ஃபார்ம் எங்கே கிடைக்கும், எந்த டாக்டர் சீல் போடுவார் என்று சொல்லி அனுப்பியது இந்த சிஸ்டர்தான்.

முதல் நான்கு கீமோவிலும் சிவப்பாக ஒரு மருந்து உண்டு. டாக்ஸோரூபிசின். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரே சிவப்பாகப் போகும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்துவிடுவோம். அதைவிடப் பெரிய விஷயம், அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியிருக்கும் சதையைப் புண்ணாக்கிவிடும். அதனால் சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரிஞ்சில் மெதுமெதுவாக ஏற்றி, நடுநடுவே பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள். இடது கை ஆபரேஷன் பக்கம், அதில் ஊசி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் வலது கை ஒன்றுதான், அதிலும் மூன்றாவது கீமோவுக்குள் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டது.

அந்த மூன்றாவது தடவை. சிஸ்டர் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார், அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார், நான் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று சிஸ்டர், "அம்மா, கால் விரலை ஏன் மடக்குறீங்க?" என்றார். அம்மா, "ஒண்ணுமில்ல தாயி, லேசா எரியுது, நீ போடு" என்றார். அந்த நொடியே மருந்தை நிறுத்திவிட்டார். ஊசியைப் பிடுங்கவில்லை, அதன் வழியாகவே உள்ளே கசிந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு அப்புறம்தான் கழற்றினார், ஐஸ் பேக் வைத்தார், டாக்டரைக் கூப்பிட்டார். எல்லாம் நான் எழுந்து நிற்பதற்குள் நடந்துவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வீங்கிச் சிவந்தது, பத்து நாளில் வற்றிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். ஆயுசு முழுக்க 'ஒண்ணுமில்ல' என்றே சொல்லிப் பழகியவர்கள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அந்த 'ஒண்ணுமில்ல'யை நம்பாத முதல் ஆள் அந்த சிஸ்டர்தான் என்று நினைக்கிறேன். மகன் நானே நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

முடி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தலையில் பூ இல்லாமல் வெளியே போகத் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து பேச்சே இல்லை. சிஸ்டர், அவர் மார்த்தாண்டம் பக்கம், கழுத்தில் சிலுவை போட்டவர், அம்மாவிடம் கேட்டது இது: "திருச்செந்தூருக்கு எதுவும் நேர்ச்சை பாக்கி இருக்காம்மா?" இருந்தது, நான் பத்தாவது பாஸானதற்கு வேண்டியது, இன்னும் செய்யவில்லை. "அப்ப இதை முருகன் கணக்குல எழுதிடுங்க. ஆனா கோயில்ல இப்ப வேண்டாம், கூட்டம். வீட்டுலயே மெஷின்ல எடுங்க, கத்தி படக் கூடாது, கீறினா புண்ணாயிரும்." அம்மா முடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, எல்லாம் முடிந்தபிறகு தை மாதம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்புறம் அந்த நம்பர். மாத்திரைக் கவரின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக 100.4 என்று எழுதி, வீட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லியிருந்தார். கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும், அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரண்டாவது கீமோ முடிந்த ஒன்பதாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு 100.8. சித்தப்பா ஒரு டோலோ போட்டுப் படுக்கச் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மாதான், "அந்தப் பிள்ளை எழுதி ஒட்டச் சொன்னது எதுக்கு?" என்று எழுந்து சேலையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். திருநெல்வேலிக்கு வண்டி பிடித்துப் போய், ஐந்து நாள் ஆன்டிபயாடிக். தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னதை இங்கே எழுதவில்லை.

நம் நாட்டில் நர்ஸுகளுக்கு 1973லிருந்து மத்திய அரசின் புளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது இருக்கிறது. அமெரிக்காவில் டெய்ஸி விருது என்று ஒன்று, அதன் கதை எனக்குப் பிடித்தது. பேட்ரிக் பார்ன்ஸ் என்பவர் ஐடிபி (ITP) என்ற, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோகும் நோயில் 1999இல் 33 வயதில் இறந்தார். ஆஸ்பத்திரியில் சாப்பாடே இறங்காமல் கிடந்தவர், அப்பா வாங்கி வந்த சின்னமன் ரோல், அதாவது பட்டை போட்ட இனிப்பு பன், ஒன்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு நர்ஸுகளுக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள் என்றாராம். அவர் குடும்பம் ஆரம்பித்த விருதுதான் அது, இன்றைக்கும் விருதோடு சின்னமன் ரோலும் உண்டு.

இதை அம்மாவிடம் சொன்னேன். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவர் ஒவ்வொரு கீமோவுக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய் தூக்கிக்கொண்டு போனவர். பணம் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று அங்கே விதி, சிஸ்டர் ஒரு தடவை கையைக் கூப்பிவிட்டார். மிட்டாயை மட்டும் வாங்கி, அங்கேயே பிரித்து, ஆயா அக்காவிலிருந்து பக்கத்துப் படுக்கைப் பாட்டியின் பேரன் வரைக்கும் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் ஒன்று போடுவார்.

அடுத்த வாரம் ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போகிறோம், தாளை அப்போது கொடுக்க வேண்டும். அம்மா இரண்டு கிலோவுக்குச் சொல்லி வைத்துவிட்டார். போன தடவை நைட் டியூட்டிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போயிருச்சாம்.